பீப்பிங் டாம்: ஒரு படமும் 34 வருஷம் தாமதமாக வந்த மன்னிப்பும்

சினிமா விமர்சனம் எழுதுறவங்க யாராவது மன்னிப்பு கேட்டு நீங்க பாத்திருக்கீங்களா? ரொம்ப அபூர்வம். படம் வந்த அன்னிக்கு கிழிச்சுத் தோரணம் கட்டுவாங்க. இருபது வருஷம் கழிச்சு அதே படத்தை 'காலத்தை வென்ற காவியம்'னு எழுதுவாங்க. நடுவுல என்ன ஆச்சுன்னு மூச்சு விடமாட்டாங்க. ஆனால் 1994ல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் டிலிஸ் பவல் என்கிற பெண் விமர்சகர் மன்னிப்பு கேட்டார். அப்போது அவருக்கு தொண்ணூறு வயசு தாண்டியாச்சு. 1960ல் தான் திட்டித் தீர்த்த ஒரு படத்தை மறுபடி பார்த்துவிட்டு, இது உன்னதமான படைப்பு என்று இப்போது உணர்கிறேன், மறு உலகம் என்று ஒன்று இருந்து அங்கே பேச அனுமதியும் இருந்தால் இதன் இயக்குநரைத் தேடிப்போய் மன்னிப்பு கேட்பது என் கடமை என்கிற பொருளில் எழுதினார்.

மறு உலகத்துக்கு ஏன் போகணும்னா, அந்த இயக்குநர் 1990லேயே செத்துப் போயிட்டார்.

அவர் பெயர் மைக்கேல் பவல். (ரெண்டு பேரும் பவல்தான், ஆனா சொந்தம் கிடையாது.) படத்தின் பெயர் 'பீப்பிங் டாம்'. 1960 ஏப்ரலில் லண்டனில் வெளியானது. ரெண்டு மாசம் கழிச்சு, ஜூன் மாதம் நியூயார்க்கில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வந்தது. ரெண்டுமே மனசு சிதைஞ்ச, ரகசியம் சுமக்கிற ஒரு இளைஞனைப் பத்தின படம். ரெண்டுலயும் கொலை நடக்குது. ஒண்ணு உலகம் பூரா காசு அள்ளுச்சு. இன்னொண்ணு தியேட்டர்லேர்ந்து அவசர அவசரமா தூக்கப்பட்டது. ஏன் அப்படி ஆச்சு? படத்துக்குள்ள இருந்த ரகசியம் என்ன, அதை எடுத்தவங்க மனசுக்குள்ள இருந்த ரகசியம் என்ன? அதைத்தான் இங்கே சொல்லப் போறேன். படத்தின் முடிவையும் சேர்த்தே சொல்றேன். பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க. ஆனா கொலைகாரன் யாருங்கிறது இந்தப் படத்துல முதல் நிமிஷமே தெரிஞ்சுடும், அதனால பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லை.

முதல்ல அந்தத் தலைப்பு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரில் ஒரு பழங்கதை உண்டு. பிரபு மக்கள் மேல ஏகத்துக்கு வரி போட, அவன் மனைவி கோடைவா குறைக்கச் சொல்லி மன்றாடினாளாம். நீ உடம்புல துணியில்லாம குதிரை மேல ஊரைச் சுத்தி வந்தா குறைக்கிறேன்னானாம் அவன். அவளும் கிளம்பிட்டா. ஊர் ஜனங்க நன்றியோட கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கிட்டாங்க. டாம்னு ஒரு தையல்காரன் மட்டும் ஓட்டை வழியா எட்டிப் பாத்தான். அவன் கண்ணு ரெண்டும் போச்சு. அதிலிருந்து ஒளிஞ்சு பாக்கிற ஆளுக்கு அங்க அந்தப் பேரு. பார்த்ததுக்கு தண்டனை குருடு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கதை இதுதான். மார்க் லூயிஸ் லண்டனில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் ஃபோகஸ் புல்லர். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று லென்ஸைத் திருகி, நடிகர் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்கிற உதவியாளர். சாயங்காலம் ஒரு பேப்பர் கடையின் மாடியில், கடைக்காரர் ரகசியமா விக்கிற கவர்ச்சிப் படங்களுக்கு போட்டோ எடுப்பது உபரி வருமானம். கூச்ச சுபாவம். மெல்லப் பேசுவான். தெருவில் ஒரு பாலியல் தொழிலாளியைப் பின்தொடர்கிறான், கோட்டுக்குள் சின்ன மூவி கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் அந்தப் பெண்ணைப் பார்ப்பதே அந்த கேமராவின் வியூஃபைண்டர் வழியாகத்தான், நடுவில் சிலுவைக் கோடு ஓடுகிறது. அவள் முகத்தில் பயம் வருகிறது, அலறுகிறாள். அடுத்த காட்சியில் அதே ஃபிலிமை தன் இருட்டு அறையில் ஓட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவன் ட்ரைபாடின் ஒரு காலுக்குள் கத்தி. அதை நீட்டியபடி கேமராவோடு நெருங்கி வருவான். அதோடு நிற்கவில்லை, கேமராவோடு ஒரு கண்ணாடியும் இருக்கிறது. சாகப்போகிறவள் தன் முகத்தில் எழுகிற பயத்தைத் தானே பார்க்க வேண்டும். அந்தப் பயத்தை முழுசா ஃபிலிம்ல பிடிக்கணும்ங்கிறதுதான் அவன் வெறி. ஒவ்வொரு தடவையும் லைட் சரியில்லை, நேரம் சரியில்லைன்னு ஏதோ ஒரு குறை, மறுபடி எடுக்கணும். கொலைகாரன் மாதிரி யோசிக்கல பாருங்க, டைரக்டர் மாதிரி யோசிக்கிறான்!

இந்த வெறி எங்கேர்ந்து வந்துச்சு? அவன் அப்பா ஒரு விஞ்ஞானி. பயம் நரம்பு மண்டலத்தில் என்ன செய்கிறது என்பது அவரோட ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு எலி தேடிப் போகல, வீட்டுலயே பிள்ளை இருந்தான். ராத்திரி தூங்குற பையன் முகத்துல லைட் அடிச்சு எழுப்புறது, படுக்கையில பல்லி மாதிரி ஒரு பிராணியைத் தூக்கிப் போடுறது, அவன் அழுவதை ஃபிலிம் எடுப்பது, குரலை டேப்பில் பதிவது. அம்மா செத்துக் கிடக்கிற கட்டில் பக்கத்தில் நிற்கிற பையனையும் எடுக்கிறார். அப்புறம் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கிறார். அப்போ பையனுக்கு ஒரு பரிசு குடுக்கிறார். என்ன பரிசு? ஒரு கேமரா.

வீட்டின் எல்லா அறையிலும் ஒலிபதிவு வைத்திருந்த அதே வீட்டில்தான் மார்க் வளர்ந்த பிறகும் குடியிருக்கிறான். கீழ் வீட்டில் ஹெலன் என்ற பெண்ணும் பார்வையில்லாத அவள் அம்மாவும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஹெலனுக்கு 21ஆவது பிறந்தநாள். ஒதுங்கி நிக்கிறானேன்னு கேக் துண்டோட மாடிக்கு வர்றா. என்ன படம் பாத்துட்டு இருந்தீங்க, எனக்கும் காட்டுங்கன்னு வெள்ளந்தியா கேக்கிறா. அவன் தன் சின்ன வயசு ஃபிலிமைப் போட்டுக் காட்டுறான். யாருக்கும் இதுவரை காட்டாதது. அவளுக்குப் புரிய ஆரம்பிச்சதும் நிறுத்துங்கன்னு கத்துறா. படத்துலயே என்னை ரொம்ப உலுக்கின காட்சி இதுதான். இதுல ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. ஒரு பையன் அழுகிற ஊமைப்படம், அவ்வளவுதான்.

ஹெலன் குழந்தைகளுக்கு கதை எழுதுகிறவள். அவள் எழுதியிருப்பது மாயக் கேமராவைப் பற்றின கதை. ஒரு நாள் அவனை வெளியே சாப்பிடக் கூப்பிடுகிறாள், அந்தக் கேமராவை மட்டும் இங்கேயே வெச்சுட்டு வாங்க என்கிறாள். அவனும் வைத்துவிட்டு வருகிறான். கை வெறுமையா இருக்கிறதால எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியாம நடக்கிறான். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அவன் சாதாரண மனுஷன். பொழைச்சுக்குவானோன்னு நமக்கே ஒரு ஆசை வந்துடுது. மெதுவா எரியுற படம்னு சொல்றது இதைத்தான். அடுத்து யாரைக் கொல்லப் போறான்னு இல்ல, இவனைக் காப்பாத்த முடியுமான்னு நாம சீட் நுனியில உக்கார்ந்திருக்கோம்.

அவனை முதலில் கண்டுபிடிப்பது போலீஸ் இல்லை, ஹெலனின் அம்மா. கண் தெரியாத அந்த அம்மா தினமும் ராத்திரி தலைக்கு மேல் கேட்கிற காலடியை வைத்தே இவன் சரியில்லை என்று கணித்துவிடுகிறாள். பழங்கதையில் பார்த்தவனுக்கு கண் போச்சு. இங்கே கண் போனவளுக்குத்தான் விஷயம் தெரிகிறது. பவலோட குசும்பு இன்னொன்னு சொல்றேன். மார்க் வேலை செய்கிற ஸ்டுடியோவில் சிடுசிடுன்னு ஒரு டைரக்டர் வருவார். அந்த வேஷத்தில் நடித்த எஸ்மண்ட் நைட், 1941ல் பிஸ்மார்க் கப்பலோடு நடந்த கடற்சண்டையில் ஒரு கண்ணை இழந்து, இன்னொன்றில் கொஞ்சம் பார்வை மட்டும் திரும்பக் கிடைத்தவர். படத்துக்குள்ள படம் எடுக்கிற டைரக்டருக்கு கண்ணு சரியா தெரியாது!

கடைசியில் போலீஸ் வாசலுக்கு வந்துவிட, வரிசையாக வைத்த கேமராக்கள் பளிச் பளிச்சென்று மின்ன, டேப்பில் பழைய அலறல்கள் ஒலிக்க, மார்க் அந்தக் கத்தியில் தானே பாய்ந்து சாகிறான். தன்னோட பயத்தையும் ஃபிலிம்ல விட்டுட்டுப் போறான். திரை இருட்டாகும்போது ஒரு குழந்தையின் குரல் கேட்கிறது, அப்பாவிடம் கையைப் பிடிச்சுக்கச் சொல்லி.

இப்ப எடுத்தவங்க கதைக்கு வருவோம். எனக்கு படத்தைவிட இது இன்னும் விசித்திரமா படுது.

மைக்கேல் பவல் 1905ல் பிறந்தவர். மௌனப்பட காலத்திலேயே சினிமாவுக்கு வந்து, ஹிட்ச்காக்கிடம் ஸ்டில் போட்டோகிராபராக வேலை பார்த்தவர். பின்னர் ஹங்கேரியிலிருந்து வந்த யூத எழுத்தாளர் எமெரிக் பிரஸ்பர்கரோடு கூட்டு சேர்ந்தார். டைட்டிலில் எழுத்து, தயாரிப்பு, இயக்கம் எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டு பேர் பெயரும் ஒண்ணா வரும். 'பிளாக் நார்சிஸஸ்' (1947), 'தி ரெட் ஷூஸ்' (1948) இவங்க எடுத்ததுதான். 'பிளாக் நார்சிஸஸ்' இமயமலை கன்னிமாடத்தில் நடக்கிற கதை, ஆனா எடுத்தது இங்கிலாந்து ஸ்டுடியோவில். யானைப்பாகன் வீட்டிலிருந்து ஹாலிவுட் போன மைசூர்க்காரர் சாபு அதில் இளவரசனாக வருவார். 1957ல் இந்த ஜோடி பிரிந்தது. சண்டை இல்லை, சும்மா பிரிந்தார்கள். பவல் தனி ஆளா அடுத்த கதையைத் தேடிக்கிட்டு இருந்தார்.

அப்போ வந்து சேர்ந்தவர் லியோ மார்க்ஸ். இவர் வாழ்க்கையே ரகசியம்தான். அப்பா லண்டனில் சாரிங் கிராஸ் ரோடு 84ஆம் எண்ணில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர்களில் ஒருவர். புத்தகம் வாங்கின விலையை அட்டைக்கு உள்பக்கம் சங்கேத எழுத்தில் குறித்து வைப்பார்கள். எட்டு வயதுப் பையன் அதை உட்கார்ந்து உடைத்துவிட்டான். அந்தப் பையன்தான் இரண்டாம் உலகப் போரில் எஸ்.ஓ.ஈ. என்ற ரகசிய அமைப்பில் சங்கேதப் பிரிவுக்குப் போனவர். நாஜிகள் பிடித்த நாடுகளுக்குள் பாராசூட்டில் ஆட்களை இறக்கி, நாசவேலையும் வேவும் பார்க்க வைத்த அமைப்பு அது.

அந்த ஆட்கள் வானொலியில் செய்தி அனுப்ப ஒரு கவிதையை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து சில சொற்களை எடுத்து, அந்த எழுத்துக்களை வைத்து செய்தியைக் கலைத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பிரபலமான கவிதைன்னா ஜெர்மன்காரனும் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிச்சுடுவான். அதனால் மார்க்ஸ் தானே புதுக் கவிதைகள் எழுதிக் கொடுத்தார். ஆனாலும் சித்திரவதை பண்ணா மனசுல இருக்கிற கவிதை வெளிய வந்துடுமே? அதற்கு அவர் கொண்டுவந்தது பட்டுத்துணி. சாவி எண்களை மெல்லிய பட்டில் அச்சடித்துக் கொடுப்பது, பயன்படுத்தின துண்டை வெட்டி எரித்துவிடுவது. மனசுல இல்லாததை எந்த சித்திரவதையும் வாங்க முடியாது.

ஹாலந்தில் இறக்கப்பட்ட ஆட்களின் செய்திகளைப் பார்த்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எதில் என்ன தப்பு என்று பார்த்தால், தப்பே இல்லை என்பதுதான் தப்பு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பரணில் ஒளிந்து அனுப்புகிறவன் எழுத்துப்பிழை விடாமல் இருப்பானா? பக்கத்தில் நிதானமா உக்கார்ந்து எவனோ அனுப்புறான், அதாவது ஆட்கள் மாட்டிக்கிட்டாங்கன்னு சொன்னார். மேலிடம் காது கொடுக்கல. அவர் சந்தேகம் உண்மைதான் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் ஐம்பது பேருக்கு மேல் போய் நேரே ஜெர்மானியர் கையில் விழுந்திருந்தார்கள். பெரும்பாலானோர் திரும்பவே இல்லை.

மார்க்ஸ் எதிரே உட்கார்ந்து சங்கேதப் பாடம் கற்றுக்கொண்டு போனவர்களில் திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கானும் ஒருவர். 1944ல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். இன்னொருவர் வயலட் ஸாபோ. அவருக்கு மார்க்ஸ் கொடுத்தது, விமான விபத்தில் இறந்துபோன தன் காதலியை நினைத்து தான் எழுதி வைத்திருந்த ஒரு காதல் கவிதை. வயலட் 1945ல் ராவன்ஸ்ப்ரூக் முகாமில் கொல்லப்பட்டார். அவர் கதையை 1958ல் 'கார்வ் ஹெர் நேம் வித் ப்ரைட்' என்ற படமாக எடுத்தபோது அந்தக் கவிதையைக் கேட்டார்கள். மார்க்ஸ் கொடுத்தார், ஆனால் எழுதியது யார் என்று சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. யார் எழுதினதுன்னு தெரியாமலே பார்வையாளர்கள் உருகினாங்க.

ரெண்டே வருஷம் கழிச்சு அதே ஆள் எழுதின கதைதான் 'பீப்பிங் டாம்'. இந்த ரெண்டையும் ஒருத்தரே எழுதினாருங்கிறதை நான் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் படம் எனக்கு வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. எதிர்ல உக்கார்ந்திருக்கிற இளம்பெண் முகத்துல பயம் தெரியுதா, மறைக்கிறாளா, பிடிபட்டா என்ன ஆவாள்னு பாத்துக்கிட்டே இருந்தது மார்க்ஸோட உத்தியோகம். சங்கேதம் உடைக்கிறவங்க எல்லாருமே அடிப்படையில ஒளிஞ்சு பாக்கிறவங்கதான்கிற மாதிரி அவரே பின்னாளில் பேட்டியில சொல்லியிருக்கார். பவலிடம் முதலில் பேசியது ஃபிராய்டைப் பற்றி ஒரு படம். ஆனால் ஜான் ஹூஸ்டன் ஃபிராய்டைப் படமாக்குகிறார் என்று செய்தி வந்துவிட, அதை விட்டுவிட்டு இந்தக் கதைக்கு வந்தார்கள்.

பவல் செய்தது இன்னும் ஒரு படி மேலே. ஃபிலிமில் வருகிற அந்த அப்பா வேஷத்தை அவரே போட்டார். பயந்து அழுகிற சின்ன மார்க்காக நடித்தது அவரோட சொந்தப் பிள்ளை கொலம்பா. ஏழெட்டு வயசு. நடிப்புதான், பையனுக்கு ஒண்ணும் ஆகல. ஆனாலும் யோசிச்சுப் பாருங்க. பிள்ளையைப் பயமுறுத்தி படம் பிடிக்கிற அப்பனைப் பத்தி படம் எடுக்கிறவர், அந்த அப்பனா நின்னு, தன் பிள்ளை முகத்துக்கு நேரா கேமராவைத் திருப்புறார். குற்றவாளி வேற எங்கயோ இல்ல, இந்த கேமராவுக்குப் பின்னாடி நிக்கிற நான்தான்னு கையெழுத்துப் போட்ட மாதிரி.

மார்க்காக நடித்தவர் கார்ல் போம். பிரபல இசை நடத்துநர் கார்ல் போம்மின் மகன், ஆஸ்திரியாவின் 'சிசி' படங்களில் பேரரசராக வந்து பெண்கள் மனதைக் கொள்ளைகொண்ட அழகன். ஜெர்மன் சாயலோடுதான் ஆங்கிலம் பேசுவார். லண்டன் விஞ்ஞானியின் மகனுக்கு அந்த உச்சரிப்பு எப்படின்னு அப்ப கேட்டவங்க உண்டு. எனக்கு அது பொருத்தமாத்தான் படுது, சொந்த வீட்டுலயே அந்நியனா வளர்ந்தவன்தானே.

படம் வெளியானது. பத்திரிகைகள் பாய்ந்தன. 'டிரிப்யூன்' இதழில் டெரெக் ஹில், இதை மண்வெட்டியால் அள்ளி பக்கத்து சாக்கடையில் போட்டு அடித்துவிடுவதே ஒரே வழி என்ற பொருளில் எழுதினார். 'டெய்லி எக்ஸ்பிரஸ்' விமர்சகர் எழுதியதன் சாரம், கிழக்கு பாகிஸ்தானின் தொழுநோயாளர் குடியிருப்புகளும் பம்பாயின் சந்துகளும் கல்கத்தாவின் சாக்கடைகளும் கூட தனக்கு இவ்வளவு குமட்டலைத் தரவில்லை என்பது. (அவங்க ஊர் படத்தைத் திட்டவும் நம்ம ஊர் சாக்கடைதான் தேவைப்பட்டிருக்கு, பாருங்க!) 'அப்சர்வர்' பத்திரிகையின் லெஜூன் அம்மையார், ஒரு படத்தின் மேல் இவ்வளவு அருவருப்பு வந்து ரொம்ப நாளாச்சு என்றார். இதில் ஒரு வேடிக்கை. படத்தில் கொலை நடந்த இடத்துக்கு மறுநாள் போய் மார்க் பிணத்தை எடுத்துப் போவதையும் ஃபிலிம் எடுப்பான். எந்தப் பத்திரிகைன்னு ஒருத்தர் கேப்பார். அப்சர்வர்னு சொல்வான்.

படத்தை வெளியிட்ட ஆங்லோ அமால்கமேட்டட் கம்பெனி 'கேரி ஆன்' நகைச்சுவைப் படங்களை வெளியிட்டவர்கள். மலிவான திகில் படங்களையும் வெளியிட்டார்கள். முந்தின வருஷம்தான் அவங்க வெளியிட்ட ஒரு படத்துல பைனாகுலருக்குள்ளேர்ந்து ஆணி பாய்ஞ்சு கண்ணைக் குத்தும். அதுக்கெல்லாம் விமர்சகர்கள் இப்படி கொந்தளிக்கல, பேய்ப்படம்னு சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. 'பீப்பிங் டாம்' மேல மட்டும் எதுக்கு இத்தனை கோபம்?

'சைக்கோ'வோட வெச்சுப் பாத்தா புரியும். ஹிட்ச்காக் கெட்டிக்காரர். பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே படம் போட்டுக் காட்டவில்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று விதி போட்டு, அதையே விளம்பரமாக்கினார். லண்டனில் 'சைக்கோ'வையும் விமர்சகர்கள் முதலில் திட்டத்தான் செய்தார்கள், லெஜூன் பாதியில் எழுந்தே போனார். ஆனா கூட்டம் அதுக்குள்ள கியூவுல நின்னுடுச்சு. பவலுக்கு அந்த சாமர்த்தியமும் இல்லை, கூட நிக்கிற கம்பெனியும் இல்லை.

அதுக்கும் மேல ஒரு காரணம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். 'சைக்கோ' கருப்பு வெள்ளை. கொலைகாரன் யாரென்று கடைசி வரை மறைக்கிறது, கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாத்தையும் விளக்கி நம்மைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். 'பீப்பிங் டாம்' பளீரென்ற கலர். கொலையை அவன் கண் வழியாகவே காட்டுகிறது. அப்புறம் அவன் மேல பரிதாபப்பட வைக்குது. இருட்டு அறையில உக்கார்ந்து அடுத்தவ பயத்தை ரசிச்சுப் பாக்கிறவனை 'அரக்கன்'னு சொல்லலாம்னு வாயைத் திறந்தா, நாமளும் இருட்டு அறையில உக்கார்ந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கோம். விமர்சகருக்கு இன்னும் சங்கடம், அவருக்கு அதுதான் தொழில். கண்ணாடியைக் கட்டி வெச்ச கேமராவை மார்க் அந்தப் பெண்கள் பக்கம் திருப்பினான். பவல் அதை தியேட்டர் பக்கம் திருப்பிட்டார். கோபம் வராம என்ன செய்யும்?

இந்த ஒரு படத்தால் பவல் வாழ்க்கையே முடிந்தது என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. பிரஸ்பர்கரைப் பிரிந்த பிறகே அவர் மவுசு குறைய ஆரம்பித்துவிட்டது. 'பீப்பிங் டாமு'க்குப் பிறகும் 1961ல் இங்கிலாந்திலேயே 'தி குயின்ஸ் கார்ட்ஸ்' எடுத்தார், அதுவும் ஓடவில்லை. அப்புறம் ஆஸ்திரேலியா போய் ரெண்டு படம் எடுத்தார். 1969ல் வந்த 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்'டில் இளம் ஹெலன் மிர்ரென் நடித்திருக்கிறார். ஆனால் இங்கிலாந்தில் பெரிய படத்துக்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை என்பது நிஜம். ஐம்பத்தைந்து வயசு, கையில வித்தை இருக்கு, மண்டை நிறைய கதை இருக்கு, கதவு மட்டும் திறக்கல. ஒரு படைப்பாளிக்கு இதைவிட என்ன தண்டனை வேணும்?

திறந்துவிட்டது கடல் தாண்டி இருந்த ஒரு ரசிகர். மார்ட்டின் ஸ்கார்செஸி, 'டாக்ஸி டிரைவர்' எடுத்தவர். சின்ன வயசிலிருந்தே பவல் பைத்தியம். எழுபதுகளில் பவலைத் தேடிக் கண்டுபிடித்தார். 1979ல் நியூயார்க் திரைப்பட விழாவில் 'பீப்பிங் டாம்' மறுபடி திரையேறவும், அமெரிக்க தியேட்டர்களுக்கு வரவும் அவர் ஆதரவு முக்கியக் காரணம். சினிமா எடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் ஃபெலினியின் '8½' படமும் இதுவும் சொல்லிவிட்டன என்பது ஸ்கார்செஸியின் கட்சி. அவரோட எடிட்டர் தெல்மா ஸ்கூன்மேக்கர் 1984ல் பவலைக் கல்யாணம் செய்துகொண்டார். 1988ல் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' எடுத்தபோது சாத்தானுக்குக் குரல் கொடுக்க ஸ்கார்செஸி கூப்பிட்டது யாரைத் தெரியுமா? நம்ம லியோ மார்க்ஸை!

கார்ல் போம் என்ன ஆனார்? 1981ல் ஜெர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், பார்வையாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்குத் தர மாட்டார்கள் என்று பந்தயம் கட்டினார். பணம் வந்து கொட்டியது. அதை எடுத்துக்கொண்டு எத்தியோப்பியா போனார், தொண்டு நிறுவனம் தொடங்கினார், அப்புறம் பல வருஷம் அதுவே அவர் வேலை. 2014ல் இறந்தார். திரையில் பயத்தைப் படம் பிடித்து அலைந்தவன், நிஜத்தில் பசியைப் பார்த்துவிட்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதவனாக இருந்திருக்கிறார்.

1999ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தேர்ந்தெடுத்த இருபதாம் நூற்றாண்டின் 100 பிரிட்டிஷ் படங்களில் 'பீப்பிங் டாமு'க்கும் இடம் கிடைத்தது. சாக்கடையில அள்ளிப் போடச் சொன்ன படம். பவல் கடைசி வருஷங்களில் தன் படங்களுக்கு மரியாதை திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தார், அது ஒரு ஆறுதல். ஆனால் பறிபோன வருஷங்களில் அவர் எடுத்திருக்கக்கூடிய படங்களை யாரும் திருப்பித் தர முடியாது. டிலிஸ் பவலோட மன்னிப்பை நான் மதிக்கிறேன். தொண்ணூறு வயசுல, திட்டினதை யாரும் ஞாபகம் வெச்சுக்காத காலத்துல, மறுபடி பாத்து மாத்திச் சொல்ல நேர்மை வேணும். ஒரு தடவை பாத்து தீர்ப்பு சொன்னதை இன்னொரு தடவை பாக்கிறதுதான் விமர்சனம்னு எனக்குத் தோணுது.

படம் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே இருக்கு. 1960ல் பிள்ளை அழுவதை ஃபிலிம் எடுக்க ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி தேவைப்பட்டான். இன்னிக்கு பிள்ளை கீழ விழுந்து அழுதா தூக்குறதுக்கு முன்னாடி போனை எடுக்கிற அப்பா அம்மாவை நாம தினமும் பாக்கிறோம். ரோட்டுல ஆக்சிடெண்ட்னா கை நீட்டுறவங்களைவிட போன் நீட்டுறவங்க அதிகம். யாரும் கெட்டவங்க இல்லை. மார்க்கோட அப்பாவும் தன்னைக் கெட்டவர்னு நினைச்சிருக்க மாட்டார், பிள்ளையைக் கவனிச்சுப் பாத்துக்கிறோம்னுதான் நினைச்சிருப்பார்.

அந்தப் பிள்ளை கடைசியில கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கையைப் பிடிச்சுக்கோங்கன்னு. அப்பா கையில கேமரா இருந்துச்சு.